படிவம் 3 இங்கிலீஷ்: ஹெட் நவுன எப்டித்தான் கண்டுபுடிக்கறது?

சிப்புட்_அம்மா | திங்கள், இரவு 9.12

வணக்கம் எல்லாருக்கும். சுங்கை சிப்புட்லேருந்து எழுதறேன், நாங்க தாமான்ல (வீடமைப்புப் பகுதியில) இருக்கோம், மாமியார் இன்னும் தோட்டத்துலதான். மகளுக்கு படிவம் மூனு. இங்கிலீஷ்ல ஒரு தாள் குடுத்திருக்காங்க, நவுன் ஃப்ரேஸ்க்கு, அதாவது ஒரு நவுனும் அதோட அடையும் சேந்த துண்டுக்கு, அடியில கோடு போட்டு அதுக்குள்ள ஹெட் நவுன, அந்த துண்டுக்கே தலையா நிக்கற முக்கிய நவுன, வட்டம் போடணுமாம். கோடு ஓரளவுக்கு சரியா போட்டுடறா, வட்டந்தான் பூரா செவப்பு பேனா.

ஒரு வாக்கியம் இது: "தி ஸ்மெல் ஆஃப் தி ரப்பர் ஷீட்ஸ் இன் தி ஸ்மோக்ஹவுஸ் மேக்ஸ் மை கிராண்ட்மதர் ஸ்மைல்." இவ ஸ்மோக்ஹவுஸ வட்டம் போட்டிருக்கா. இன்னொன்னு "தி கீஸ் டு தி ஸ்டோர் ஆர் வித் தி கிளார்க்", அதுல ஸ்டோர். மூனாவது "தி டால் பாய் ஹூ சிட்ஸ் நியர் தி டோர் ஹேஸ் அ கோல்ட்", அதுல டோர்ங்கறா. கதவுக்கா சளி புடிச்சிருக்குன்னு கேட்டேன், அவளுக்கே சிரிப்பு வந்துடுச்சு, ஆனா அடுத்த வாக்கியத்துல மறுபடியும் அதேதான், வெர்புக்கு முன்னாடி எந்த நவுன் கடைசியா நிக்குதோ அதப் புடிச்சு வட்டம் போட்டுடறா.

இதுல என்னான்னா தமிழ்ப்பள்ளியில படிச்ச புள்ள, தமிழ்ல எழுவாய் எதுன்னு கேட்டா கண்ண மூடிக்கிட்டு சொல்லுவா. இங்கிலீஷ்னு வந்தா ஏன் இப்டி? எதாச்சும் சுலபமான வழி இருந்தா சொல்லுங்களேன்.

டியூஷன்_அக்கா | திங்கள், இரவு 9.40

வணக்கம்மா. மொதல்ல பாப்பாவ திட்டாதீங்க, எங்கிட்ட வர்ற பசங்க முக்காவாசி பேரு இதத்தான் செய்றாங்க.

நான் சொல்லிக் குடுக்கறது இப்டி. முழு துண்டும் எதுவரைக்கும் போவுதுன்னு பாக்க அத அப்டியே தூக்கிட்டு இட், ஹீ, தேய் இதுல ஒன்ன போட்டு பாக்க சொல்லுங்க. "இட் மேக்ஸ் மை கிராண்ட்மதர் ஸ்மைல்." சரியா வருது. அப்ப தி ஸ்மெல்ல ஆரம்பிச்சு ஸ்மோக்ஹவுஸ் வரைக்கும் எல்லாமே ஒரே நவுன் ஃப்ரேஸ். இட்ங்கறது ஒத்த வார்த்தைக்கு பதிலா வர்றதில்ல, மொத்த துண்டுக்கும் பதிலா வருது, இது நெறைய பேருக்கு தெரியாது.

அப்பறம் தலை எதுன்னு பாக்க வெர்ப ஆட்டிப் பாக்கணும். ஸ்மெல்ல ஸ்மெல்ஸ்னு மாத்துங்க, உடனே மேக்ஸ் மேக் ஆயிடும். ஷீட்ஸ ஷீட்டாக்குங்க, வெர்ப் அசையாது. ஸ்மோக்ஹவுஸ ஸ்மோக்ஹவுசஸ் ஆக்குங்க, அப்பயும் அசையாது. எத மாத்துனா வெர்ப் மாறுதோ அதுதான் தலை. "தி கீஸ் டு தி ஸ்டோர் ஆர்"ல ஆர் எதுக்கு வந்துச்சு? ஸ்டோர் ஒன்னுதானே, ஒன்னுக்கு இஸ்தானே வரணும். கீஸ்க்குத்தான் ஆர். ஒன்னு மட்டும், பாஸ்ட் டென்ஸ்ல வாஸ், வேர் ரெண்டத் தவிர வெர்ப் ஒருமை பன்மை காட்டாது, அதனால வாக்கியத்த பிரசன்ட் டென்ஸ்க்கு மாத்திட்டு ஆட்டிப் பாக்க சொல்லுங்க.

செம்பனை_லோரி | திங்கள், இரவு 9.58

கதவுக்கு சளி புடிச்சா விக்ஸ் எங்க தேய்க்கறது 😂 சும்மா சொன்னேன்க்கா, நான் படிக்கறப்ப இதெல்லாம் யாருமே சொல்லித் தரல, கிராமர்னா பாஸ்ட் டென்ஸ் பிரசன்ட் டென்ஸ் அவ்ளோதான்.

பழைய_கிராணி | திங்கள், இரவு 10.31

அம்மா, உங்க மகள் செய்வது குருட்டாம்போக்கு இல்லை, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பிள்ளை தமிழ்க் கண்ணால் இங்கிலீஷைப் படிக்கிறது.

தமிழில் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். "புகைக்கூடத்துல இருக்கற ரப்பர் ஷீட்டோட வாசம் பாட்டிய சிரிக்க வைக்குது." வாசம் எங்கே நிற்கிறது? துண்டின் கடைசியில். "கதவுகிட்ட ஒக்காந்திருக்கற ஒசரமான பையனுக்கு சளி." பையன் கடைசியில். நம் மொழியில் அடைமொழி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பெயரெச்சமே ஒரு முழ நீளம் வந்தாலும், எல்லாம் முன்னால் வந்துவிடும், தலை கடைசியில்தான் நிற்கும். பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம் அது, துண்டின் கடைசிப் பெயரைப் பிடித்தால் சரியாக இருக்கும் என்று. தமிழில் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகத்தான் இருக்கும்.

மலாய் இதற்கு நேர் எதிர். பள்ளியில் ஹுக்கும் டி.எம். என்று படித்திருப்பாள், டிதெராங்கான் (விளக்கப்படுவது) முதலில், மெனெராங்கான் (விளக்குவது) பிறகு. ஆயாம் கோரேங்கில் ஆயாம் (கோழி) தலை, தே தாரிக்கில் தே (தேநீர்) தலை, பாசார் மாலாமில் பாசார் (சந்தை) தலை. பெர்டானா மந்திரி (பிரதமர்) மாதிரி சிலது விதிவிலக்கு, எண்ணும் முன்னால்தான் வரும், மற்றபடி தலை முதலில்.

இங்கிலீஷ் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மொழி. சின்ன அடை எல்லாம் முன்னால் வரும், டால் பாய், ஃப்ரைட் சிக்கன். பெரிய அடை எல்லாம் பின்னால் போய்விடும், ஹூ சிட்ஸ் நியர் தி டோர். ஆகவே தலை வயிற்றில் இருக்கிறது. எங்கள் தோட்டத்துப் பள்ளிப் பலகையைப் பார்த்தாலே தெரியும், மலாயில் செகோலா (பள்ளி) என்று தொடங்கி லாடாங் (தோட்டம்) என்று தோட்டத்துப் பேரில் முடியும், தமிழில் தோட்டத்துப் பேரில் தொடங்கிப் பள்ளி என்று முடியும். நாம் மூன்று மொழிப் பிள்ளைகள், தலையை மூன்று இடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

டியூஷன்_அக்கா | திங்கள், இரவு 10.44

ஐயா இத நான் சுட்டு என் கிளாஸ்ல சொல்லப் போறேன் 🙏 ஆயாம் கோரேங், ஃப்ரைட் சிக்கன், பொரிச்ச கோழி மூனையும் போர்டுல எழுதுனா போதும்.

மில்_லேப் | செவ்வாய், காலை 6.50

ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படிக்கறேன், கிராணி ஐயா சொன்னதுக்கு எங்க மில்லுல ஒரு நல்ல உதாரணம் இருக்கு. செம்பனை ஆலையில கழிவு தண்ணிய சுத்தம் பண்ற எடம், ரிப்போர்ட்ல எழுதறப்ப "பாம் ஆயில் மில் எஃப்லுவன்ட் டிரீட்மென்ட் பிளான்ட்". ஆறு நவுன் வரிசையா நிக்குது, ஒரு ஆஃப் கூட கெடையாது. ஹெட் எது? பிளான்ட். கடைசி.

தமிழ்ல செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், அதே வரிசை, நிலையம் கடைசி. மலாய்ல "லோஜி ராவாத்தான் எஃப்லுவென் கீலாங் மிஞாக் சாவிட்", கண்ணாடியில பாத்த மாதிரி அப்டியே தலைகீழா, லோஜி மொதல்ல. அப்ப நவுனா அடுக்குனா இங்கிலீஷும் தமிழ் மாதிரிதானே ஐயா? பாப்பாவோட முறை இங்க சரியா வேல செய்யும்.

பழைய_கிராணி | செவ்வாய், காலை 8.05

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. அதனால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள், பாதி இடத்தில் தமிழ்ப் பழக்கம் பலிக்கிறது, பாதி இடத்தில் காலை வாருகிறது. ப்ரெபொசிஷன் வராதவரை கடைசிப் பெயர் தலை. ஆஃப், இன், வித், டு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பிறகு வருவது எல்லாம் வால்.

டியூஷன்_அக்கா | செவ்வாய், மதியம் 1.20

இதையே ஒரு வழியா வச்சுக்கலாம் சிப்புட் அம்மா. துண்ட எடுத்துக்குங்க, எடது பக்கத்துலேருந்து படிச்சுக்கிட்டே வாங்க, மொதல் ப்ரெபொசிஷனோ, ஹூ, விச், தட்டோ, இல்ல ஸ்டேண்டிங், ஸ்டோலன் மாதிரி நவுனுக்கு பின்னாடி ஒட்டிக்கற வார்த்தையோ எங்க வருதோ அங்க கத்தரிக்கோல் போட்டு வெட்டுங்க. எடது பக்கம் மிஞ்சுனதுல கடைசி நவுன் எதுவோ அதான் ஹெட்.

"தி ஓல்ட் எஸ்டேட் டிஸ்பென்சரி | பிஹைண்ட் தி டெம்பிள்." டிஸ்பென்சரி.
"மை ஃபாதர்ஸ் மோட்டோர்சைக்கிள் | வித் தி புரோக்கன் மிரர்." மோட்டோர்சைக்கிள், ஃபாதர் இல்ல.
"டூ பாய்ஸ் | ஸ்டேண்டிங் நியர் தி பஸ் ஸ்டாப்." பாய்ஸ்.

சிப்புட்_அம்மா | செவ்வாய், மாலை 6.15

இப்ப தாள வச்சு பாத்தோம், வெட்டி வெட்டி போட்டா வருது 👍 ஆனா அவ ஒரு கேள்வி கேட்டா எனக்கு பதில் தெரியல. ஸ்மோக்ஹவுஸ் தலையே இல்லன்னா, தி ஸ்மோக்ஹவுஸ்ங்கறது நவுன் ஃப்ரேஸ் இல்லையா, அதுக்கு தலை வேணாமான்னு கேக்கறா.

டியூஷன்_அக்கா | செவ்வாய், மாலை 6.32

சூப்பர் கேள்வி! ஆமா அதுவும் ஒரு நவுன் ஃப்ரேஸ்தான், அதோட தலை ஸ்மோக்ஹவுஸேதான். நவுன் ஃப்ரேஸுக்குள்ள நவுன் ஃப்ரேஸ் இருக்கும். தி ஸ்மோக்ஹவுஸ் ஒன்னு, அத வால்ல வச்சுக்கிட்டு தி ரப்பர் ஷீட்ஸ் இன் தி ஸ்மோக்ஹவுஸ் ஒன்னு, அதுக்கு தலை ஷீட்ஸ், அதையும் சேத்து வால்ல வச்சுக்கிட்டு பெருசு ஒன்னு, அதுக்கு தலை ஸ்மெல். கேள்வித்தாள்ல எந்த துண்டுக்கு கேக்கறாங்கன்னு பாக்கணும். சப்ஜெக்டோட தலைன்னு கேட்டா பெருசுக்குத்தான் பதில். பாப்பா வட்டம் போட்டது சின்ன துண்டோட தலைய, கேட்டது பெரிய துண்டோடது, அவ்ளோதான் வித்தியாசம்.

கங்சார்_மச்சான் | செவ்வாய், இரவு 8.47

கத்தரிக்கோல் எல்லா எடத்துலயும் வெட்டாதுக்கா. "அ லாட் ஆஃப் பீப்பிள் ஆர் வெய்ட்டிங்." ஆஃப்ல வெட்டுனா எடது பக்கம் லாட். லாட் ஒருமை. அப்ப இஸ்தானே வரணும்? ஆனா ஆர்னுதான் எழுதறோம். "அ லாட் ஆஃப் வாட்டர் இஸ் வேஸ்டட்"னு எழுதறப்ப இஸ். வெர்ப் லாட்ட சட்டையே பண்ணல, பின்னாடி இருக்கறதத்தான் பாக்குது.

இன்னும் மோசம் நம்பர். "தி நம்பர் ஆஃப் டேப்பர்ஸ் இஸ் ஃபாலிங்", "அ நம்பர் ஆஃப் டேப்பர்ஸ் ஆர் அப்சென்ட்" (டேப்பர்ஸ்னா ரப்பர் பால் வெட்டறவங்க). தி போட்டா இஸ், அ போட்டா ஆர். ஆபிஸ்ல லெட்டர் எழுதறவங்க பாதி பேருக்கு இது வராது, நான் தெனம் திருத்திக்கிட்டு இருக்கேன்.

டியூஷன்_அக்கா | செவ்வாய், இரவு 9.03

இது வேற கூட்டம் மச்சான். அ லாட் ஆஃப், லாட்ஸ் ஆஃப், ப்ளென்ட்டி ஆஃப், அ நம்பர் ஆஃப் இதெல்லாம் பேருக்குத்தான் நவுன், வேல செய்றது மெனி, மச் மாதிரி அளவு சொல்ற வேல. அதனால ஒருமை பன்மை பின்னாடி நிக்கறதுலேருந்து வருது. தி நம்பர்ங்கறப்ப மெய்யாவே எண்ணிக்கையப் பத்தி பேசறோம், எண்ணிக்கைதான் கொறையுது, டேப்பர்ஸ் யாரும் கீழ விழல. சின்ன பட்டியல்தான், மனப்பாடம் பண்ணிக்க வேண்டியதுதான், வேற வழி இல்ல.

பழைய_கிராணி | செவ்வாய், இரவு 9.30

அந்தப் பட்டியலில் சேராத ஒன்று, நம் ஊரில் எல்லாரும் தடுக்கி விழுவது: ஒன் ஆஃப். "ஒன் ஆஃப் மை பிரதர் ஒர்க் இன் ஈப்போ" என்று எத்தனை கடிதம் பார்த்திருக்கிறேன். பிரதர்ஸ் என்று பன்மையாக வரவேண்டும், பலரில் ஒருவர் அல்லவா, ஆனால் தலை ஒன், ஆகவே ஒர்க்ஸ். தமிழில் "அண்ணன்மார்ல ஒருத்தர் ஈப்போவுல வேல செய்றாரு" என்று யாரும் தப்பாகச் சொல்ல மாட்டோம், ஏனென்றால் ஒருத்தர் கடைசியில் நிற்கிறார், வினையும் அவரைப் பார்த்து வருகிறது. மலாயிலோ வினைக்கு ஒருமை பன்மையே கிடையாது. ஆக, தலைக்கும் வினைக்கும் நடுவில் வேறொரு பெயர் குறுக்கே வந்து நிற்பது என்பது இங்கிலீஷில்தான் நமக்குத் தொல்லை தருகிறது.

யுனி_தம்பி | செவ்வாய், இரவு 11.50

ஐயா, தமிழ் பசங்களுக்கு மட்டும் வர்ற தொல்லைன்னு சொல்லிட முடியாது. இங்கிலீஷ்காரங்களுக்கும் வருது. 1991ல கேத்ரின் பாக், கேரல் மில்லர்னு ரெண்டு பேரு இத சோதிச்சு எழுதுனாங்க, தாய்மொழியே இங்கிலீஷா இருக்கறவங்ககிட்ட "தி கீ டு தி கேபினெட்ஸ்" மாதிரி துண்ட குடுத்து மீதிய முடிக்க சொன்னா, இஸ்க்கு பதிலா ஆர்னு சில பேரு சொல்லிடறாங்க. வேடிக்கை என்னான்னா தலை ஒருமையா இருந்து நடுவுல பன்மை வந்தாத்தான் தப்பு அதிகமா வருது. தலை பன்மை, நடுவுல ஒருமைன்னா, அதாவது பாப்பாவோட "தி கீஸ் டு தி ஸ்டோர்" மாதிரி இருந்தா, அவ்ளோவா வர்றதில்ல. பன்மைதான் வெர்ப இழுக்குது. நான் மொழியியல் படிக்கறேன், அதான் தெரியும்.

அப்பறம் இன்னொன்னு. நீங்க எல்லாரும் நவுன்தான் தலைன்னு முடிவே பண்ணிட்டீங்க. 1987ல ஸ்டீவன் ஆப்னி எம்.ஐ.டி.ல குடுத்த ஆய்வேட்டுக்கு அப்பறம் மொழியியல்ல பெரிய கூட்டமே "தி பாய்"ல தலை பாய் இல்ல, தி தான்னு சொல்லுது. யோசிச்சு பாருங்க, "பாய் கேம்"னு இங்கிலீஷ்ல தனியா சொல்ல முடியாது, தி வேணும். ஆனா "தோஸ் ஆர் மைன்"னு நவுனே இல்லாம தோஸ் தனியா நிக்கும். தனியா நிக்க முடிஞ்சது தலையா, நிக்க முடியாதது தலையா?

டியூஷன்_அக்கா | புதன், காலை 7.10

தம்பி ராசா, படிவம் மூனு புள்ள தாள்ல தி க்கு வட்டம் போட்டுட்டு வந்தா மார்க் நீங்க குடுப்பீங்களா 😅 யுனியில அத வச்சுக்குங்க. 2002ல வந்த கேம்பிரிட்ஜ் கிராமர் கூட நவுனைத்தான் தலையா வச்சிருக்கு, ஹட்லஸ்டன், புல்லம் எழுதுனது, அவங்களும் மொழியியல்காரங்கதானே. அதுவுமில்லாம "தி பாய் எய்ட் தி ரொட்டி"ல சாப்ட்டது தி யா?

யுனி_தம்பி | புதன், காலை 7.25

அர்த்தத்துக்கு தலை வேற, அமைப்புக்கு தலை வேறக்கா. சரி சரி, பாப்பாகிட்ட சொல்லல. ஆனா அதே கேம்பிரிட்ஜ் கிராமர்ல இன்னொன்னும் இருக்கு, அது பாப்பாவுக்கும் ஒதவும். "தி ரிச் ஆர் கெட்டிங் ரிச்சர்." இதுல நவுன் எங்க? ரிச் அட்ஜெக்டிவ். அவங்க இதுக்கு ஃப்யூஸ்ட் ஹெட்னு பேர் வச்சிருக்காங்க, அடையும் தலையும் ஒரே வார்த்தையில ஒட்டிப் போச்சுன்னு. தமிழ்ல நாம பணக்காரங்கன்னு அதுக்கு ஒரு பெயரே செஞ்சுடுவோம், இங்கிலீஷ் அப்டியே வெறும் அட்ஜெக்டிவ வச்சு ஓட்டிடுது. இத வச்சு ஒரு பழைய புதிர் வாக்கியம் இருக்கு: "தி ஓல்ட் மேன் தி போட்ஸ்." வெர்ப் எதுன்னு கண்டுபுடிங்க பாப்போம்.

செம்பனை_லோரி | புதன், காலை 9.02

கெழவனோட படகுகளா? வெர்பே இல்லியே லா.

யுனி_தம்பி | புதன், காலை 9.15

இருக்குண்ணே. மேன் தான் வெர்ப், படகுல ஆளா நின்னு வேல செய்றதுன்னு அர்த்தம். தி ஓல்ட் வரைக்கும்தான் நவுன் ஃப்ரேஸ். வயசானவங்கதான் படகுல வேல பாக்கறாங்க. எல்லாரும் மேன பாத்ததும் தலை கெடச்சுடுச்சுன்னு நின்னுடுவாங்க.

தமிழ்_வாத்தியார் | புதன், மாலை 4.40

இந்த இழையை இப்பொழுதுதான் பார்த்தேன். தலை எங்கே இருக்கிறது என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் எச்சவியலைப் பாருங்கள். இரண்டு சொல் சேர்ந்து தொகையாக நின்றால் பொருள் முன்மொழியில் நிற்கலாம், பின்மொழியில் நிற்கலாம், இரண்டிலும் சேர்ந்து நிற்கலாம், இரண்டிலும் நில்லாமல் வெளியே வேறொரு சொல்லில் போயும் நிற்கலாம் என்று நான்காகச் சொல்கிறது. நான்காவதுதான் அன்மொழித்தொகை. பொற்றொடி வந்தாள் என்றால் வந்தது தொடியா (வளையலா)? தொடி அணிந்தவள். அவளைக் குறிக்கும் சொல் அந்தத் தொகையிலேயே இல்லை.

இங்கிலீஷிலும் இதே சரக்கு உண்டு. பிக்பாக்கெட் என்பது ஒரு வகைப் பாக்கெட் இல்லை, ஸ்கேர்குரோ ஒரு வகைக் காக்கை இல்லை. கத்தரிக்கோல் வைத்துக் கடைசிப் பெயரைப் பிடிக்கும் அம்மையார் இதையும் பார்த்துக்கொள்ளட்டும்.

டியூஷன்_அக்கா | புதன், மாலை 5.05

ஐயா வணக்கம், அருமை. ஆனா வாக்கியத்துல பிக்பாக்கெட்டு ஒத்த நவுனாத்தான் நிக்கும், "தி பிக்பாக்கெட் | இன் தி பாசார்"ல வட்டம் அதுக்குத்தான், உள்ள ஒடைக்க வேண்டியதில்ல. தாள் எழுதற புள்ளைக்கு அதுல தொல்லை இல்ல.

கங்சார்_மச்சான் | புதன், மாலை 5.30

ஒடைக்க வேண்டியதும் இருக்கேக்கா. பன்மை போடறப்ப. பாஸர்பைக்கு பாஸர்ஸ்பை, சிஸ்டர் இன் லாவுக்கு சிஸ்டர்ஸ் இன் லா, எஸ் போயி தலையில ஒட்டும், வால்ல ஒட்டாது. மினிஸ்ட்ரி லெட்டர்ல செக்ரட்டரி ஜெனரல்னு வரும், ரெண்டு மூனு பேர்னா செக்ரட்டரீஸ் ஜெனரல். ஜெனரல் அங்க அட்ஜெக்டிவ், ஃப்ரெஞ்சு வழக்கத்துல பின்னாடி போய் நிக்குது. பாக்க மலாய் மாதிரியே இருக்கு.

சிப்புட்_அம்மா | புதன், இரவு 8.50

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு நெனைக்கல. கத்தரிக்கோல் முறை, வெர்ப ஆட்டற முறை ரெண்டையும் அவ நோட்டுல எழுதிக்கிட்டா. ஆயாம் கோரேங் ரொம்ப புடிச்சுப் போச்சு, சாப்புடறப்பவும் நாசி லெமாக்ல தலை நாசி (சோறு)ன்னு சொல்லிக்கிட்டே சாப்ட்டா. இன்னும் ரெண்டு மூனு கஷ்டமான துண்டு யாராச்சும் குடுங்களேன், பயிற்சிக்கு.

டியூஷன்_அக்கா | புதன், இரவு 9.10

இந்தாங்க. "சம்திங் ஸ்ட்ரேஞ்ச் இன் தி ட்ரெய்ன்." சம்திங் வந்தா அட்ஜெக்டிவ் பின்னாடிதான் வரும், பாத்துக்க சொல்லுங்க. "தி ஒன்லி தமிழ் ஸ்கூல் லைப்ரரி வித் அ கம்ப்யூட்டர்." "எவ்ரி ஒன் ஆஃப் தி ட்ரீஸ் பிளாண்டட் பை மை கிராண்ட்ஃபாதர்." கடைசியில ட்ரீஸ வட்டம் போட்டா ஒன் ஆஃப் பத்தி கிராணி ஐயா எழுதுனத மறுபடியும் படிக்க சொல்லுங்க.

செம்பனை_லோரி | புதன், இரவு 9.41

எங்கிட்டயும் ஒன்னு இருக்குக்கா, கத்தரிக்கோலுக்கு சவால். "தி மேன் இன் தி புளூ ஷர்ட்'ஸ் மோட்டோர்சைக்கிள்." இன்ல வெட்டுனா மேன். ஆனா கேக்கறது மோட்டோர்சைக்கிள்தானே 😎

டியூஷன்_அக்கா | புதன், இரவு 9.55

அடப்பாவி, ஒன்னும் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டு வந்தீங்க! அங்க அப்பாஸ்ட்ரஃபி எஸ் ஷர்ட்டுக்கு இல்ல, தி மேன் இன் தி புளூ ஷர்ட்ங்கற முழு துண்டுக்கும் சேத்து ஒட்டியிருக்கு. அதனால மொதல்ல அப்பாஸ்ட்ரஃபி எஸ் இருக்கான்னு பாத்து அதுவரைக்கும் ஒரே அடையா ஒதுக்கி வச்சுட்டு, அப்பறந்தான் கத்தரிக்கோல எடுக்கணும். வெர்ப ஆட்டுனா இங்கயும் சரியா வரும், மோட்டோர்சைக்கிள்ஸ்னு மாத்துங்க, இஸ் ஆர் ஆயிடும்.

செம்பனை_லோரி | புதன், இரவு 10.08

சரிக்கா. கடைசியா ஒன்னு, எங்க கம்பெனி கேட்டுல போர்டு தொங்குது, "ஹெவி வெஹிக்கிள் டிரைவர் வாண்டட்". தலை டிரைவர்னு எனக்கே தெரியும். ஹெவி யாருக்கு, வெஹிக்கிளுக்கா டிரைவருக்கா?

மில்_லேப் | புதன், இரவு 10.15

அண்ணே ஒங்கள பாத்துட்டுத்தான் எழுதிருப்பாங்க, ரெண்டுக்கும் பொருந்தும் 😂